கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: டிமென்ஷியா ஆய்வோடு எங்கள் குழுவின் அனுபவம்

டிமென்ஷியா வந்த அம்மாவையோ அப்பாவையோ கணவரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குழுவாகக் கூட ஆரம்பித்தால், சீக்கிரமே ஏதாவதொரு பல்கலைக்கழகத்திலிருந்து போன் வரும். "உங்கள் குடும்பங்களோடு ஒரு ஆய்வு செய்யலாம் என்றிருக்கிறோம், பேச முடியுமா" என்பார்கள். எங்களுக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையிலிருந்து வந்தது. எடுத்தவள் நான். அன்றிலிருந்து சில வருடங்கள் அந்தத் துறைக்கும் எங்கள் குடும்பங்களுக்கும் நடுவில் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன், அம்மாவையும் பார்த்துக்கொண்டே. என்னவெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் என் சேமிப்பில் ஒரு பகுதி மிஞ்சியிருக்கும். சில குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டியது காலத்தில் கிடைத்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தோடு சேராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சேர்ந்தே ஆக வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஆய்வு ஒரு தேதியில் முடியும், நோய் அந்தத் தேதியில் முடியாது. அவர்கள் கிளம்பிய மறுநாள் நம் கையில் என்ன இருக்கும் என்பதை, அவர்கள் வருகிற முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டியபோது மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, கண்ணாடி. அப்புறம் அடுப்பை அணைக்க மறந்தார். ஆரம்பத்தில் பார்த்த மருத்துவர்கள் "வயசாச்சு இல்லையா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் ஒருவர்தான் தைராய்டு, பி12, தலை ஸ்கேன் எல்லாம் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார். டிமென்ஷியா என்பது தனி ஒரு நோயின் பெயர் இல்லை, நினைவும் யோசனையும் அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் அளவுக்குச் சரிந்துபோகிற நிலைக்குப் பொதுப் பெயர், அதில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமரால் வருகிறது என்று விளக்கினார். விளக்கியதோடு சரி. ராத்திரி எழுந்து "என் வீட்டுக்குப் போகணும்" என்று கதவைப் பிடித்து ஆட்டினால் என்ன பதில் சொல்வது, குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் அவரிடம் நேரம் இல்லை. நான் வேலையைப் பாதி நேரமாக மாற்றிக்கொண்டேன், சம்பளமும் பாதியானது. அதே மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தபோது பழக்கமான சிலரோடு நம்பர் பரிமாறிக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒரு நூலகத்தின் மாடியறையில் கூட ஆரம்பித்தோம். குழு என்பது அவ்வளவுதான். பெயர்ப்பலகை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை.

இப்படிப்பட்ட குழுவைப் பல்கலைக்கழகம் ஏன் தேடி வருகிறது என்பது முதலில் எனக்குப் புரியவில்லை. நமக்கு உதவி செய்ய வருகிறார்கள் என்று கூனிக் குறுகி நின்றேன். பிறகுதான் நிலவரம் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருந்தது, வருடத்துக்கு ஏறக்குறைய 1 கோடிப் பேருக்குப் புதிதாக வருகிறது. ஆனால் ஆய்வுக்குக் கிடைப்பவர்கள் குறைவு, ஏனென்றால் பெரும்பாலானவர்களை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். 1998-இல் தொடங்கிய ஒரு சர்வதேச ஆய்வுக் குழுவுக்குப் பெயரே '10/66'. அப்போது டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள், மக்களிடையே நடக்கிற ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதைக் காட்டத்தான் அந்தப் பெயர். ஆக, வீட்டுக் கதவைத் திறந்துவிடக்கூடிய நம்பிக்கை நம்மிடம்தான் இருக்கிறது. அது இல்லாமல் அவர்களால் ஒரு படிவம்கூட நிரப்ப முடியாது. நம் கையில் இருப்பதன் மதிப்பு தெரிந்த பிறகு பேச்சுவார்த்தைக்குப் போங்கள். பணிவாகப் பேசலாம், கையேந்த வேண்டியதில்லை.

அவர்களுடைய திட்டத்தில் மூன்று வேலை இருந்தது. நோயாளிகளுக்கு நினைவுத்திறன் சோதனை, பராமரிப்பாளர்களுக்குக் கேள்வித்தாள், பிறகு பாதிக் குடும்பங்களுக்குச் சில வாரப் பயிற்சி வகுப்பு. நாங்கள் அவர்களிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று: வாரத்தில் ஒரு சில மணி நேரம் யாராவது அம்மாவோடு இருக்கட்டும், நாங்கள் தூங்கிக்கொள்கிறோம். இரண்டு பக்கமும் நல்ல மனதோடுதான் உட்கார்ந்தோம். ஆனால் அவர்களுக்கு என்ன வேண்டும், எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கவே இல்லை. நீங்கள் முதல் கூட்டத்திலேயே அதைச் செய்யுங்கள். எழுதிய பிறகுதான் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது வெளிப்படையாகத் தெரியும்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். படிவத்தில் அந்த அனுமதி எண் இருக்கும், புகார் சொல்ல ஒரு தொடர்பு விவரமும் இருக்கும். அதை வெட்டிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டிமென்ஷியா உள்ளவரால் புரிந்து ஒப்புதல் தர முடியாத நிலையில் குடும்பத்தார் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் அதோடு அவருடைய விருப்பம் முடிந்துபோவதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்து, அவருக்கு இஷ்டம்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். தாளைத் தள்ளிவிடுவதும், எழுந்து போவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் 'வேண்டாம்' என்பதற்குச் சமம். ஆய்வுக்காக வருகிற மாணவர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்லலாம், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். போட்டோவுக்குத் தனி ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒருவருடைய அப்பா வகுப்பில் உட்கார்ந்திருந்த படம் அந்தத் துறையின் சுவரொட்டியில் பெரிதாக வந்துவிட்டது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருடைய பழைய மாணவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார்கள். அந்தக் குடும்பம் அத்தோடு குழுவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டது.

நினைவுத்திறன் சோதனை அன்று நடந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட்டு, எண்களை எழுதி, பதினொன்று பத்தைக் காட்டும்படி முள் வரைய வேண்டும். அம்மா தையல் வேலை செய்தவர், கை நடுங்காது. வட்டம் அழகாக வந்தது. பிறகு பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி நெருக்கி எழுதினார். இடது பாதி வெறுமையாக இருந்தது. ஏதோ சரியில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. பென்சிலைக் கீழே வைக்காமல் அந்த மாணவியிடம், "சரியாப் போட்டிருக்கேனா கண்ணு?" என்று கேட்டார். சோதனையின்போது சரி, தப்பு எதுவும் சொல்லக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்து வைத்தாள். அன்று முழுக்க அம்மா அந்த வட்டத்தைப் பற்றியே பேசினார். காலையில் வந்தது யார் என்று மறந்துபோனார், வந்தவர் முன்னால் ஏதோ தோற்றுப்போனோம் என்ற அவமானம் மட்டும் ராத்திரி வரைக்கும் இருந்தது. சோதனையின் விதி எனக்குப் புரிகிறது, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால்தான் அளவு சரியாக இருக்கும். ஆனால் சோதனை முடிந்த பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்து, அவரால் நன்றாக முடிகிற ஒரு வேலையைச் சேர்ந்து செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதி வைக்கலாம். அடுத்த முறை நாங்கள் அப்படித்தான் எழுதி வாங்கினோம். எந்த ஆய்வும் அதனால் கெட்டுப்போகவில்லை.

பராமரிப்பாளர்களுக்கு வைக்கிற கேள்வித்தாளும் லேசானது இல்லை. பாரத்தை அளக்க ஜேரிட் என்ற உளவியலாளர் உருவாக்கிய 22 கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்பதுபோல ஒரு கேள்வி வரும். 'அடிக்கடி' என்று வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை எனக்குள்ளேகூட நான் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. அழுகை வந்தது, நிறுத்த முடியவில்லை. எதிரில் இருந்த மாணவிக்கும் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம், என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் போன பிறகு என்னைப் பார்க்க யாரும் வரவில்லை, என் மதிப்பெண் என்ன ஆனது என்றும் தெரியவில்லை. அதனால் கேள்வித்தாள் கொண்டு வருகிறவர்களிடம் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்: யாராவது உடைந்துபோனால், மதிப்பெண் மோசமாக வந்தால், அன்றைக்கே யாரிடம் பேசலாம்? ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் படிவத்தின் கடைசியில் இருக்க வேண்டும். உளவியல் துறை இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு இது முடியாத காரியம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 'ஸ்டார்ட்' என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். உளவியல் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையும் வைத்து, பராமரிப்பாளர் ஒவ்வொருவரோடும் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். பராமரிப்பாளர்களின் மனச்சோர்வு குறைந்தது என்று 2013-இல் முடிவு வெளிவந்தது. இளம் பட்டதாரிகளால் முடியும். மேற்பார்வை இல்லாமல்தான் முடியாது.

அடுத்தது, குலுக்கல். ஆய்வு என்றால் பாதிப் பேருக்குப் பயிற்சி கொடுத்து, மீதிப் பேரைக் காத்திருக்க வைத்து ஒப்பிடுவார்கள். பலன் உண்மையா என்று தெரிந்துகொள்ள அது தேவை, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் காத்திருக்கிற குடும்பத்துக்கு அந்த மாதங்கள் சும்மா நிற்பதில்லை. எங்கள் குழுவில் ஒரு பெண்ணின் அப்பா காத்திருப்போர் பட்டியலில் விழுந்தார். அவர் முறை வருவதற்குள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையானார். இனி அவரைச் சேர்க்க முடியாது என்ற செய்தியைத் துறையிலிருந்து என்னிடம் சொன்னார்கள், அந்தப் பெண்ணிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கோபப்படவில்லை, "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், அதுவரை அவர்களுக்கு என்ன தருவீர்கள், அதற்குள் நிலை மோசமானால் பதிலுக்கு என்ன செய்வீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 10/66 குழு வடிவமைத்த பராமரிப்பாளர் பயிற்சி ஒன்று அரைமணி நேர அமர்வுகள் ஐந்தோடு முடிந்துவிடும், வாரம் ஒன்று. சாதாரண சமூக சுகாதாரப் பணியாளர் நடத்தும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். காத்திருக்கிற வீட்டுக்குக் குறைந்தபட்சம் அதுபோல ஒன்றையாவது கொடுக்கலாம்.

எங்களுக்குக் குலுக்கலில் பயிற்சி விழுந்தது. ஆங்கிலத்தில் 'காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி', அறிவுத்தூண்டல் பயிற்சி என்று மொழிபெயர்க்கலாம். லண்டனில் உருவாக்கி 2003-இல் சோதித்துக் காட்டியது, வாரம் இரண்டு வீதம் 14 அமர்வுகள். ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்பில் பேசி, தொட்டுப் பார்த்து, பாடி, விளையாடுவார்கள். சரியா தப்பா என்று யாரும் மார்க் போட மாட்டார்கள், அபிப்பிராயம் மட்டும் கேட்பார்கள். ஒரு நாள் பழைய தொழில் கருவிகளை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். அம்மா அதிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். பக்கத்திலிருந்த மாணவியை எழுப்பி நிற்க வைத்து, முதுகுப் பக்கமாக ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் பிடித்து, "பதினாலரை, எழுதிக்கோ" என்றார். சரியாகத்தான் இருந்தது. அன்று காலை என்னை யார் என்று கேட்டவர் அவர். அந்த ஏழு வாரமும் அம்மா ராத்திரியில் ஓரளவு தூங்கினார், அதனால் நானும் தூங்கினேன்.

பிறகு அமர்வுகள் முடிந்தன, செமஸ்டரும் முடிந்தது. மாணவர்கள் தேர்வுக்குப் போனார்கள், தட்டு, பலகை, பாட்டுக்கான ஒலிப்பெருக்கி எல்லாம் துறைக்குத் திரும்பிப் போயின. எந்த நாள் என்று அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் அந்த நேரத்துக்கு உடம்பு பழகியிருந்தது. வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாமே என்றுகூட அப்போது எனக்குத் தோன்றியது. அந்த 14 அமர்வுகளுக்குப் பிறகு வாரம் ஒன்றாக 24 வாரம் தொடர்கிற ஒரு தொடர்ப் பயிற்சியும் உண்டு என்பதையும், முறையாகக் கற்றுக்கொண்டால் மருத்துவர் அல்லாதவர்களும் நடத்தலாம் என்பதையும் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வாரத்திலிருந்தே எங்களில் இரண்டு பேரை மாணவர்களோடு உட்கார வைத்துப் பழக்கியிருந்தால், பொருட்களில் ஒரு செட்டை நூலகத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தால், எதுவுமே நின்றிருக்காது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: நம் ஆட்களுக்குப் பயிற்சி, பொருட்கள் நமக்கு. 2008-இல் வெளியான கோவா ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். அந்த ஊர்க்காரர்களையே வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்களாகப் பயிற்சி கொடுத்து, ஆய்வில் சேர்ந்த 81 குடும்பங்களில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களோடு ஆறு மாதம் வேலை செய்தார்கள், பராமரிப்பாளர்களின் மனநலம் மேம்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் போன பிறகும் ஊர்க்காரர் ஊரில்தானே இருப்பார்.

பண விஷயத்துக்கு வருகிறேன். அறை வாடகை, முதியவர்களை அழைத்து வர வண்டிக் கூலி, தேநீர், எல்லாவற்றையும் "நீங்கள் போடுங்கள், பில் கொடுத்தால் திருப்பித் தருகிறோம்" என்றார்கள். குழுவுக்குக் கணக்கு இல்லாததால் என் கையிலிருந்து போட்டேன். பேராசிரியர் நல்லவர், ஆனால் பணம் தருவது அவர் இல்லை, நிதிப் பிரிவு. அவர்களுக்கு அச்சிட்ட ரசீது வேண்டும், வண்டிக்காரரின் கையெழுத்து வேண்டும், முன் அனுமதி வேண்டும். அலைந்து அலைந்து எல்லாம் கொடுத்த பிறகு, நிதியாண்டு முடிந்துவிட்டது, அந்தத் தலைப்பில் பணம் இல்லை என்று பதில் வந்தது. பாதி திரும்பி வந்தது, மீதி வரவே இல்லை. ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் அளவுக்குப் போனது. அந்த நேரத்தில் அம்மாவுக்கு டயப்பர் வாங்கவே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனவே, பட்ஜெட் எழுதும்போதே உங்களுக்கு ஒரு நகல் தரச் சொல்லுங்கள். அறை வாடகையும் போக்குவரத்தும் அதில் தனி வரியாக இருக்கட்டும். நிதி வந்ததும் குழுவுக்கு முன்பணமாகவே வரட்டும், அதற்காகவே குழுவைப் பதிவு செய்து ஒரு கூட்டுக் கணக்கு ஆரம்பித்துவிடுங்கள். ஒருங்கிணைக்கிறவரின் நேரத்துக்கும் ஊதியம் கேளுங்கள். ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம் உண்டு என்றால், குடும்பங்களுக்குப் போன் செய்து வரவழைக்கிறவருக்கும் உண்டு. கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.

என்னை அதிகம் வருத்தியது பணம்கூட இல்லை. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் சேர்ந்தது ஒரு துறையோடு, அந்தத் துறையிலும் ஒரு பேராசிரியரோடு. அம்மாவுக்கு விழுங்குவதில் சிரமம் வந்தது, தண்ணீர் குடித்தாலே இருமல். யாரிடம் போவது என்று தெரியாமல் தனியாரை வீட்டுக்கு வரவழைத்து ஒவ்வொரு வருகைக்கும் பணம் கட்டினேன். அதே வளாகத்தில், சமூகப்பணித் துறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பேச்சு மற்றும் செவித்திறன் துறை இருந்தது. விழுங்கும் சிரமத்தைப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான், மாணவர் பயிற்சிக்காகக் குறைந்த கட்டணத்தில் ஒரு கிளினிக்கே வைத்திருந்தார்கள். எங்களோடு இருந்த மாணவர்களுக்கே அது தெரியாது. நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, சின்னச் சின்ன மடக்காகக் கொடுப்பது அம்மாவுக்கு உதவும் என்று அங்கேதான் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். காதையும் அங்கேயே சோதித்தார்கள். ஒரு காது வெகுநாளாகவே சரியாகக் கேட்கவில்லை. பல நேரம் மறதி என்று நாங்கள் நினைத்தது, கேட்காததால் வந்த குழப்பம். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-இல் டிமென்ஷியாவுக்கான, தடுக்கக்கூடிய 14 அபாயக் காரணிகளைப் பட்டியலிட்டபோது, கேட்கும் திறன் குறைவதுதான் அவற்றில் பெரிய பங்கு வகிப்பவற்றுள் ஒன்று என்றது. நோய் வந்த பிறகும் காது கேட்பதால் பேச்சு எளிதாகிறது, அதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

அதேபோல வங்கி. அம்மாவின் கையெழுத்து மாறிப்போய், அவருடைய பணத்தையே எடுக்க முடியாமல் பல மாதம் கிடந்தது. புரிந்து முடிவெடுக்கிற நிலையில் அவர் இருந்தபோதே சட்டப்படி ஏற்பாடு செய்திருக்க முடியும் என்று பின்னால் ஒரு சட்ட மாணவர் சொன்னார். சட்டத் துறையில் இலவச ஆலோசனை மையம் இருந்தது, அதுவும் எங்களுக்குத் தெரியாது. எனவே ஒரு துறை உங்களைத் தேடி வந்தால், மற்றத் துறைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் கேளுங்கள். பிசியோதெரபி, நர்சிங், மருந்தியல், சட்டம், செவித்திறன், உளவியல். ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர் போதும். ஒரு பராமரிப்பாளருக்கு அந்த ஒற்றைத் தாள் எந்த ஆய்வு முடிவையும்விட அதிகம் உதவும்.

ஆய்வுக் கட்டுரை வெளிவந்ததும் எங்களுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஆங்கிலத்தில், பணம் கட்டினால் மட்டும் திறக்கிற இதழில். எங்கள் வீட்டு விஷயம் அதில் இருக்கிறது, எங்களால் படிக்க முடியவில்லை. முடிவுகளை நம் மொழியில் இரண்டு பக்கமாக எழுதித் தருவது, நேரில் வந்து ஒரு கூட்டத்தில் சொல்வது, கட்டுரையின் நகல் ஒன்று தருவது, இந்த மூன்றையும் ஆரம்ப ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் பிறகு கெஞ்ச வேண்டியதில்லை.

கொஞ்ச காலம் கழித்து வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்தபோது, எங்கள் நிபந்தனைகளை ஒரே பக்கத்தில் எழுதி முதலில் அவர்களிடம் கொடுத்தோம். மேலே சொன்னவை எல்லாம் அதில் உண்டு. கூடவே, செமஸ்டர் விடுமுறையில் யார் நடத்துவார் என்ற அட்டவணையும், பேராசிரியர் மாற்றலாகிப் போனால் பொறுப்பு யாருக்கு என்ற வரியும். கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தோம். அந்தப் பேராசிரியர் படித்துவிட்டு, "இதையே நிதி விண்ணப்பத்தோடு இணைத்துவிடலாமா?" என்று கேட்டார். சமூகத்தின் பங்கேற்பை நிதி தருகிறவர்கள் இப்போது எதிர்பார்க்கிறார்களாம், அதனால் அது அவருக்கும் உதவியாக இருந்தது. என்ன ஆராய வேண்டும் என்பதையும் எங்களிடம் கேட்டார். ராத்திரித் தூக்கம் என்று ஒரே குரலில் சொன்னோம்.

மாணவர்கள் வருகிற முறையையும் மாற்றினோம். இங்கிலாந்தில் பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியும் சர்ரே பல்கலைக்கழகமும் அல்சைமர்ஸ் சொசைட்டியோடு சேர்ந்து 'டைம் ஃபார் டிமென்ஷியா' என்று ஒன்று நடத்துகிறார்கள். மாணவர்கள் ஒரே குடும்பத்தை இரண்டு வருடம் தொடர்ந்து போய்ப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1997-இலிருந்தே முதலாண்டு மருத்துவ மாணவர்களை ஆரம்பநிலை டிமென்ஷியா உள்ளவர்களோடு ஜோடி சேர்த்து நண்பர்களாகப் பழக விடுகிறது. இவற்றைக் காட்டி, எங்களுக்கும் முகம் மாறாத மாணவர்கள் வேண்டும் என்றோம். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், படிப்பு முடியும்வரை அதே இரண்டு பேர். அது அவர்களுடைய பாடத்தில் மதிப்பெண்ணாகச் சேர்ந்தது, அதனால் தேர்வு வந்தாலும் நிற்கவில்லை. அம்மாவுக்கு அவர்கள் பெயர் கடைசிவரை தெரியாது. ஆனால் உள்ளே வந்தால் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுப்பார்.

அம்மா போய்விட்டார். போனதும் என் பெயர் பங்கேற்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, ஆய்வு விதிப்படி அது சரிதான். ஆனால் குழுவிலிருந்து யாரையும் அப்படி நீக்கக்கூடாது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். நாம் பார்த்துக்கொண்டவர் போன பிறகு வருகிற வெறுமை, பார்த்துக்கொண்டிருந்த நாட்களைவிடக் கடினம் என்று எனக்குப் பட்டது. அதே சமயம் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தர நேரம் இருப்பதும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான். அமர்வுகளை இப்போது நாங்களே நடத்துகிறோம், துறையிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பார்த்து யோசனை சொல்லிவிட்டுப் போகிறார்.

இன்னும் சரியாகாத ஒன்று இருக்கிறது. ஆய்வுகள் பெரும்பாலும் ஆரம்ப, நடுத்தர நிலையில் இருப்பவர்களைத் தேடித்தான் வருகின்றன, ஏனென்றால் அவர்களால்தான் சோதனைக்குப் பதில் சொல்ல முடியும். பேச்சு போய், நடை போய், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. பராமரிப்பாளர் மிகவும் தனியாக இருப்பது அந்தக் கட்டத்தில்தான். அடுத்த கூட்டத்துக்கு நர்சிங் துறைத் தலைவரை அழைத்திருக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, படுக்கைப்புண்ணின் முதல் சிவப்பை எங்கே பார்ப்பது, பேச முடியாதவருக்கு வலிக்கிறது என்று முகத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மாணவர்கள் வீட்டுக்கே வந்து சொல்லித்தர முடியுமா, அதை அவர்களுடைய கட்டாயப் பயிற்சி நேரத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்கப் போகிறோம்.